பேச வராதவரிடம் பேசுவது எப்படி: நியூரோ வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

காலை ஐந்தரை மணி. நைட் டியூட்டி முடியப்போகிற நேரம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஹெட் இஞ்சுரி பேஷண்ட் ஒருவருக்கு வாய் சுத்தம் செய்கிறாள். கை நன்றாகப் பழகிவிட்டது. காஸ் துணியை நனைத்துப் பிழிகிறாள், கன்னத்தை ஒதுக்குகிறாள், நாக்கைத் துடைக்கிறாள். ஆனால் அந்த நான்கு நிமிஷமும் ஒரு வார்த்தை இல்லை. பேஷண்டின் கண் அவள் முகத்திலேயே இருக்கிறது. வேலை முடிந்து அவள் அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். அவர் கண்ணும் பின்னாலேயே போகிறது.

நான் பார்த்த புது நர்ஸ்களில் பெரும்பாலானவர்கள் முதல் மாதம் இப்படித்தான் இருப்பார்கள். நானும் இருந்தேன். பதில் வராத இடத்தில் பேசுவதற்கு நமக்குக் கூச்சம். கேட்டால் "நேரமில்லை சிஸ்டர்" என்போம். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கும் வார்டில் நேரம் இல்லைதான். ஆனால் நான் சொல்லப்போகிற எதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. திருப்பிப் படுக்க வைப்பது, சக்‌ஷன் போடுவது, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றுவது என்று எப்படியும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அந்தக் கட்டிலுக்குப் போகிறோம். அந்த வேலைக்குள்ளேயே பேச்சை வைத்துவிடலாம். கல்லூரியில் தெரப்யூட்டிக் கம்யூனிகேஷன் என்று மனநலப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று 1952-இல் எழுதிய ஹில்டகார்ட் பெப்லோ பெயரும் ஞாபகம் இருக்கும். அந்தப் பாடம் மிக அதிகமாகத் தேவைப்படுகிற இடங்களில் நியூரோ வார்டு ஒன்று.

முதலில் கேஸ் ஷீட்டைப் பாருங்கள்

எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் கை கால் வரவில்லை என்பதைப் பார்க்காமல் கட்டிலுக்குப் போகாதீர்கள். எப்படிப் பேச வேண்டும் என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கையும் காலும் விழும். பெரும்பாலானவர்களுக்கு மொழியும் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் வலது பக்கம் விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்தே போயிருக்கலாம். இதை அஃபேசியா என்கிறோம். இதில் ஒரு வகையில் பேச்சு வராது, ஆனால் நாம் சொல்வது பெருமளவு புரியும். பாரிஸில் 1861-இல் பால் புரோக்கா பார்த்த நோயாளி 'டான்' என்ற ஒரே ஒலியைத்தான் சொல்வார். இன்னொரு வகையை 1874-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். அதில் பேச்சு சரளமாக வரும், அர்த்தம் இருக்காது, நாம் சொல்வதும் புரியாது. பெரிய அடியாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வலது மூளையில் அடிபட்டால் இடது பக்கம் விழும். பேச்சு இருக்கும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருக்குத் தெரியாது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிடுவார்கள். "இந்தக் கை என்னுது இல்லை" என்றுகூடச் சொல்வார்கள். அதை வாதம் செய்து மாற்ற முடியாது, முயலவும் வேண்டாம்.

மூளைத் தண்டின் முன்பக்கம் பாதிக்கப்பட்டால், அரிதாக, கைகால், முகம், நாக்கு எல்லாம் நின்றுபோய்க் கண் மட்டும் அசையும் நிலை வரும். அறிவு முழுசாக இருக்கும். 1966-இல் பிளம், போஸ்னர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு 'லாக்டு-இன்' என்று பெயர் வைத்தார்கள். இவர்களை மயக்கத்தில் இருப்பதாக நினைத்துவிடுவது நடக்கக்கூடிய தவறு.

இன்னொன்று டிஸ்ஆர்த்ரியா. மொழி சரியாக இருக்கும்; நாக்கும் உதடும் ஒத்துழைக்காததால் குழறும். இவர் எழுதிக் காட்டலாம். அஃபேசியா உள்ளவருக்குப் பேப்பரும் பேனாவும் கொடுத்தால் பெரும்பாலும் பயன் இருக்காது. மொழியே அடிபட்டிருக்கும்போது எழுத்தும் சேர்ந்துதான் போயிருக்கும். "பேச வராட்டி எழுதிக் காட்டுங்க" என்று சொல்லி அவரை இரண்டாவது முறை தோற்க வைக்காதீர்கள்.

நினைவு எந்த அளவு இருக்கிறது என்று காட்டும் ஜி.சி.எஸ். எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனெட் உருவாக்கிய அந்த அளவுகோல் 3 முதல் 15 வரை போகும். அதில் பேச்சுக்கு மட்டும் 5. டிராக்கி, அதாவது மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய், போட்டவருக்கு அந்த இடத்தில் 'டி' என்று எழுதுகிறோம். குழாய் இருக்கிறது, சோதிக்க முடியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். புரியவில்லை என்று பொருள் இல்லை.

கட்டிலருகே போய் நிற்பது

பேஷண்டுக்குக் கண் தெரிகிற பக்கமாகப் போய், முகம் முகத்துக்கு நேராக வரும்படி குனிந்து நில்லுங்கள். இடது பக்கத்தைக் கவனிக்காதவருக்கு முதல் சில நாட்கள் வலது பக்கமாகப் போக வேண்டும். அப்புறம், பிசியோ சொல்லும்போது, மெல்ல மெல்ல இடது பக்கமிருந்து கூப்பிட்டுத் திரும்பப் பழக்கலாம். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத்தான் தெரியும். கண்ணாடி, காது மெஷின், பல் செட் இவையெல்லாம் விபத்தன்றே பையில் போட்டு வீட்டுக்குப் போயிருக்கும். கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்லாத ஒரு பெரியவருக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டதும் முகமே மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதையும் வீட்டு ஆட்களிடமே கேளுங்கள். கேஸ் ஷீட்டில் உள்ள முழுப்பெயரை அவரே கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். ஊரில் எல்லோரும் 'வாத்தியாரே' என்று கூப்பிடுகிறவராக இருந்தால் அந்தச் சொல்லுக்குத்தான் கண் திறப்பார். வயசானவரை "ஐயா", "அம்மா" என்றும், நடு வயசுக்காரரை "அண்ணா", "அக்கா" என்றும் கூப்பிடுங்கள். பாசத்தில்கூட "நீ", "செல்லம்", "சமத்தா சாப்பிடு" வேண்டாம். டயபர் கட்டியிருப்பதால் அவர் குழந்தை ஆகிவிடவில்லை.

வீட்டில் பேசுகிற மொழியையும் கேளுங்கள். தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசும் குடும்பமாக இருக்கலாம். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால், கூட வேலை செய்கிறவரை உட்கார வைத்து "வலிக்கிறதா", "இருமுங்கள்", "திருப்பப் போகிறேன்", "பயப்படாதீர்கள்" என்று நான்கு வாக்கியத்தை உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போனதும் சொல்ல வேண்டியதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: "ஐயா, நான் மேரி சிஸ்டர். இது ஆஸ்பத்திரி. வண்டியில அடிபட்டு வந்தீங்க. இப்ப காலையில ஆறு மணி. உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன்." மேரி இருக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டவருக்குப் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில், புது விஷயம் எதுவும் மனதில் தங்காது. நேற்றுச் சொன்னதை இன்றும் முதல் தடவை போலவே சொல்ல வேண்டும். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

ஆமா, இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கொத்தனார் எங்கள் வார்டில் இருந்தார். இடது மூளையில் அடி, வலது கை கால் இல்லை, பேச்சும் இல்லை. நைட் டியூட்டியில் போய் "வலி இல்லையே அண்ணா?" என்றேன். தலையாட்டினார். "தூங்குறீங்களா?" தலையாட்டினார். "எல்லாம் சரியா இருக்கா?" அதற்கும் தலையாட்டினார். நானும் நிம்மதியாகப் போய்விட்டேன். விடியற்காலை துணி மாற்றும்போது பார்த்தால் மூத்திரம் போகும் கத்தீட்டர் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. பையில் ஒன்றுமே இல்லை, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது. மடிப்பை எடுத்ததும் பை நிறைந்துகொண்டே போனது. இரவு முழுக்க அந்த மனிதர் என்னிடம் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்புறம்தான் சீனியர் சிஸ்டர் ஒருவர் வந்து அவரிடம் கேட்டார்: "உங்க பேரு லட்சுமியா?" அதற்கும் தலையாட்டினார்.

அன்று கற்றுக்கொண்டவை இவை. முதலாவது, பதில் நமக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டு அவருடைய ஆமா-இல்லையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். "இது ஆஸ்பத்திரியா?", "இது பஸ் ஸ்டாண்டா?", "உங்க பேரு லட்சுமியா?" என்று ஆமாவும் இல்லையும் கலந்து ஆறு கேள்வி. ஆறும் சரியாக வந்தால்தான் அந்தத் தலையாட்டலை நம்பலாம். பாதிதான் சரி என்றால் அவர் குத்துமதிப்பாக ஆட்டுகிறார்.

இரண்டாவது, தமிழில் இல்லை போட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. "வலி இல்லையே?" என்பதற்குத் தலையாட்டினால் "ஆமா, வலி இல்லை" என்பதா, "ஆமா, வலிக்குது" என்பதா? நல்ல உடம்போடு இருப்பவரிடமே குழப்பம் வரும். "வலிக்குதா?" என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, தலையாட்டலே நம் ஊரில் சிக்கலான அடையாளம். மேலும் கீழும் ஆட்டினால் ஆமா, பக்கவாட்டில் திருப்பினால் இல்லை, தோளை நோக்கிச் சாய்த்தால் 'சரி சரி'. கழுத்தில் பலம் இல்லாதவர் இந்த மூன்றையும் தனித்தனியாகச் செய்ய முடியாது. அதனால் வேறு அடையாளம் தேடுங்கள். விழாத பக்கத்துக் கட்டைவிரலைத் தூக்கினால் ஆமா, கையை விரித்தால் இல்லை. கையை அழுத்துவதை அடையாளமாக வைக்காமல் இருப்பது நல்லது. உள்ளங்கையில் விரலை வைத்தாலே தன்னிச்சையாக மூடிக்கொள்ளும் கைகள் இருக்கின்றன. டிராக்கி இல்லாதவர் என்றால் "ம்ம்", "ம்ஹூம்" என்பதே போதும். வார்த்தை வராதவர்களுக்குக்கூடப் பல சமயம் இது வரும்.

லாக்டு-இன் பேஷண்டுக்குக் கண்தான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அவரால் கண்ணை மேலும் கீழும்தான் அசைக்க முடியும், பக்கவாட்டில் வராது. "இடது பக்கம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பார்க்கவில்லை, புரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். மேலே பார்த்தால் ஆமா, கீழே பார்த்தால் இல்லை என்று வையுங்கள். சாதாரணமாகவே எல்லோரும் இமைப்பதால், ஒருமுறை இமைத்தால் ஆமா என்று வைத்தால் குழப்பம் வரும்.

அந்தக் கொத்தனாருக்கு இந்த எந்த அடையாளமும் நிலைக்கவில்லை. அவருக்குப் பொருளைக் காட்டுவதுதான் வேலை செய்தது. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் தலையணை. வேண்டாததை இடது கையால் தள்ளிவிடுவார். வலி எங்கே என்று கேட்க என் தலை, என் வயிறு, என் கால் என்று தொட்டுக் காட்டுவேன். கேட்டபடியே தொட்டுக் காட்டினால் சொல் புரியாதவருக்கும் கை புரியும்.

கேள்வியும் காத்திருப்பும்

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமா, ஃபேன் போடவா?" என்றால் எதற்கு ஆமா? பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்துக்கு வாருங்கள். "உடம்பு சம்பந்தமா?" ஆமா. "வலியா?" இல்லை. "படுத்திருக்கிற விதமா?" ஆமா. "காலா?" ஆமா. போர்வையைத் தூக்கிப் பார்த்தால் குதிகால் கட்டில் கம்பியில் உரசிக்கொண்டிருக்கும்.

கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அடிபட்ட மூளைக்குக் கேள்வி போய்ச் சேரவும் பதில் கிளம்பி வரவும் நேரம் எடுக்கும். நாம் மூன்றாவது நொடியில் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்கிறோம். அவர் பாதி வழியில் இருந்த பதிலை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அதே வார்த்தைகளில் கேளுங்கள். காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்த வேண்டாம். புரியாததைப் புரிந்ததாகக் காட்டித் தலையாட்டவும் வேண்டாம். "எனக்குப் புரியல அண்ணா, வேலையை முடிச்சிட்டு வந்து திரும்பக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள்.

அஃபேசியா உள்ளவர் திடீரென்று ஒரு கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொல்லலாம். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணலாம், "முருகா" என்று கூப்பிடலாம், பழகிய பாட்டில் ஒரு வரி பாடலாம். இவை பழக்கத்தில் வருபவை. "திட்டத் தெரியுதுல்ல, தண்ணின்னு சொல்லத் தெரியாதா?" என்று வீட்டு ஆட்கள் கேட்பார்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நாம்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

எழுத்துப் பலகை

மொழி சேதமாகாமல் வாய் மட்டும் போனவர்களுக்கு, படிக்கத் தெரிந்திருந்தால், இது பெரிய விடுதலை. தமிழில் 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். 30 போதும். ஒரு அட்டையில் ஐந்து வரி, வரிக்கு ஆறு எழுத்தாக எழுதுங்கள்:

1. அ ஆ இ ஈ உ ஊ
2. எ ஏ ஐ ஒ ஓ ஔ
3. க ச ட த ப ற
4. ங ஞ ண ந ம ன
5. ய ர ல வ ழ ள

நீங்கள் வரி எண்ணைச் சொல்லிக்கொண்டே போங்கள். அவர் கண்ணை மேலே தூக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அந்த வரியில் எழுத்து எழுத்தாக. 'கால்' என்று சொல்ல அவர் மூன்றாம் வரியில் 'க'வையும், முதல் வரியில் 'ஆ'வையும் காட்டுவார். 'கா' என்று வந்தவுடன் நீங்களே "காலா, காதா, காய்ச்சலா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பெரும்பாலும் இரண்டு எழுத்திலேயே விஷயம் வந்துவிடும். ஆனால் ஊகத்தைத் திணிக்காதீர்கள். அவர் இல்லை என்றால் அடுத்த எழுத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் மறந்துவிடும். படிக்காதவருக்குப் படம்: டம்ளர், ஃபேன், போர்வை, தலை, வயிறு, வீட்டு ஆட்களின் போட்டோ.

கேட்டதை எல்லாம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. தண்ணீர்தான் முதலில் கேட்பார்கள். விழுங்கும் சோதனை முடியாதவருக்கு ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். அதற்காகக் கேட்காத மாதிரி போகாதீர்கள். "தாகமா இருக்குன்னு புரியுது. இப்ப குடிச்சா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். உதட்டை நனைச்சு விடறேன்" என்று சொல்லி நனைத்துவிடுங்கள். டிராக்கியில் பேச்சு வால்வு போடுகிற முடிவு டாக்டருடையது, ஸ்பீச் தெரபிஸ்டுடையது. நம் பக்கம் தெரிந்திருக்க வேண்டியது, டிராக்கிக் குழாயைச் சுற்றியிருக்கும் கஃப் பலூனின் காற்றை முழுக்க இறக்காமல் அந்த வால்வை மாட்டவே கூடாது என்பது. மாட்டினால் மூச்சு உள்ளே போகும், வெளியே வராது.

கை வேலை செய்யும்போது

தொடுவதற்கு முன் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும். உணர்வு இருக்கிற பக்கத்துத் தோளில் முதலில் கையை வையுங்கள், அப்புறம் பேசுங்கள். சக்‌ஷன் போடும் முன்: "சளி எடுக்கப் போறேன். இருமல் வரும், மூச்சு முட்டற மாதிரி இருக்கும். பத்து எண்றதுக்குள்ள வெளிய எடுத்துருவேன்." சத்தமாக எண்ணுங்கள், பத்துக்குள் எடுத்துவிடுங்கள். மூன்று நாள் இந்த வாக்கைக் காப்பாற்றினால் நான்காவது நாள் சக்‌ஷன் மெஷின் சத்தத்துக்கு அவர் உடம்பு விறைப்பது குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

திருப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கி வலி நிரந்தரமாகிவிடும். "உங்க வலது கையைத் தூக்கி வயித்து மேல வைக்கறேன்" என்று அவருடைய கையாகவே சொல்லுங்கள். துணி மாற்றும்போது ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் இன்னொரு நர்ஸிடம் சம்பளம், லீவு பற்றிப் பேசாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கண் திறக்காதவரிடமும் இதே முறைதான். 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சொன்னதற்கு எந்தப் பதிலும் காட்டாத ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார்கள். நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கு இயங்கும் அதே பகுதி அவர் மூளையிலும் ஸ்கேனில் இயங்கியது. 2024-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், சொன்னதைச் செய்து காட்டாத 241 பேரில் 60 பேர் மூளையளவில் கட்டளைக்குப் பதில் கொடுத்தார்கள். நம் வார்டில் யார் அந்த நான்கில் ஒருவர் என்று படுக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அழுகை, கோபம்

சிலர் காரணமே இல்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள். மனைவியைப் பார்த்ததும் பொங்கும், பேச்சை மாற்றியதும் நின்றுவிடும். இது மூளைக் காயத்தால் வரும் ஒன்று. "இது உங்க கட்டுப்பாட்டுல இல்லை, எனக்குத் தெரியும்" என்று சொல்லி, வேறு பேச்சுக்குப் போங்கள். உண்மையான துக்கமும் உண்டு. நாள் முழுக்கச் சுவரைப் பார்ப்பது, பிசியோவுக்கு ஒத்துழைக்காதது, தூக்கம் இல்லாதது எல்லாம் சேர்ந்தால் ரவுண்ட்ஸில் சொல்லுங்கள். "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதைவிட, உட்கார்ந்து "கஷ்டமா இருக்கு, இல்லையா" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பது மேல். "அடுத்த மாசம் நடப்பீங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நேற்று வராத விரல் இன்று வந்தால் அதைச் சொல்லுங்கள்.

டியூபைப் பிடுங்குகிறவர், கத்துகிறவர் என்றால் கையைக் கட்டுவதற்கு முன் காரணம் தேடுங்கள்: மூத்திரம் அடைப்பா, மலச்சிக்கலா, காய்ச்சலா, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா. லைட்டைக் குறையுங்கள், கூட்டத்தை வெளியே அனுப்புங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். ஆனால் நேற்று கட்டைவிரல் காட்டியவர் இன்று காட்டவில்லை, எழுப்பினாலும் சொக்குகிறார், ஜி.சி.எஸ். 2 புள்ளி குறைந்திருக்கிறது, வாந்தி, இரண்டு கண்ணின் பாப்பாவும் ஒரே அளவில் இல்லை என்றால் பேசிக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தினமும் பேசுகிற நர்ஸுக்குத்தான் இந்த மாற்றம் முதலில் தெரியும்.

வீட்டு ஆட்களும் எழுதி வைப்பதும்

பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "நான் யாருன்னு தெரியுதா? சொல்லு பாப்போம்" என்பார்கள். பேஷண்டோடு தங்கியிருக்கும் அட்டெண்டரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்: வருகிறவர் தன் பெயரையும் உறவையும் தானே சொல்லட்டும், ஊர்ச் செய்தி சொல்லட்டும், ஒரு நேரத்தில் ஒருவர், பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி செலவு, கடன், "பொழைப்பாரா" என்ற கேள்வி எல்லாம் வராந்தாவில். மனைவி அவருக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் "அண்ணா சொல்லட்டும்க்கா" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது உங்களோடு வீட்டுக்குப் போய்விட்டால் மதிய ஷிஃப்ட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கேஸ் ஷீட்டில் 'பேஷண்ட் அமைதியாக இருக்கிறார்' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ஹேண்டிங் ஓவரில் வாயால் சொல்லுங்கள், கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டையும் ஒட்டுங்கள். எங்கள் வார்டு அட்டை ஒன்று இப்படி இருந்தது:

"வாத்தியார் என்று கூப்பிடவும். வலது பக்கமாக வரவும். கண்ணாடி போடவும். இடது கண் தெரியாது. ஆமா: வலது கட்டைவிரல். இல்லை: கை விரிப்பு. காலையில் நன்றாகப் பதில் சொல்வார், மதியம் நான்கு மணிக்கு மேல் களைத்துவிடுவார். பத்து எண்ணிக் காத்திருக்கவும்."

வீட்டுக்கு அனுப்பும்போது இந்த அட்டையையும் மருந்துச் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் படுக்கையில் இருப்பவர்களுக்கான கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. வருகிறவர் அவரைப் பார்ப்பது முதல் தடவையாக இருக்கும். அட்டையைக் கட்டில் தலைமாட்டிலேயே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அடையாளம் மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதைத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.